சமர்த்துப் பிள்ளை

கோர்பியார்வி,
1979 பிப்ரவரி 4

ஐராவுக்கு,

இத்துடன் உன் பெண்ணின் இடது கையுறை இருக்கிறது. சோபாவுக்கு அடியில் கிடந்தது. தபால் செலவு செய்து அனுப்புவது, அதை எடுக்கும் சாக்கில் நீ மறுபடி இங்கே வந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

என் மகனுக்கு முதல் பிறந்தநாள். ஊரே காபிக்கு வந்திருந்தது. ஏழு வகைப் பலகாரம் சுட்டு இடுப்பு ஒடிந்துபோய் நின்றிருந்தேன். வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வெசாவைப் பார்த்து, “எவ்வளவு சமர்த்து, சத்தமே காணோமே” என்றார்கள். லெம்பி அத்தை பிறந்ததிலிருந்து யாரையும் புகழாதவள், அது உனக்கே தெரியும். அவளே, “இந்த மாதிரிப் பிள்ளைன்னா பத்துகூடப் பெத்துக்கலாம்டி” என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போது நீ என்ன செய்தாய்? என் சமையலறைக்குள் போய் இரண்டு பாத்திர மூடிகளை எடுத்து வந்தாய். கம்பளத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து நூற்கண்டு அடுக்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலைக்குப் பின்னால் நின்று டமார் என்று அடித்தாய். லெம்பி அத்தையின் காபி அவள் மடியிலேயே கொட்டியது. பாதிரியார் எழுந்து நின்றுவிட்டார். உன் பெண் வீலென்று கத்த ஆரம்பித்தாள். நீ எல்லார் முன்னாலும் சொன்னாய்: “பாத்தீங்களா? இவன் திரும்பலை. இவனுக்குக் காது கேக்கலை.”

கேட்காமல் என்ன? மதிக்கவில்லை, அவ்வளவுதான். உன் அண்ணன் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தேக்கரண்டியில் அள்ளிவிடலாம். என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டதே, “வீடு கட்டியாச்சு. வர்றியா?” என்றுதான். அந்த அப்பாவுக்கு இந்தப் பிள்ளை பிறந்திருக்கிறான். மதியம் போர்த்திவிட்டால் குளிரிலும் வாசலில் குழந்தைத் தள்ளுவண்டியில் தூங்குவான். உன் அண்ணன் ரோட்டில் பனி தள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டு நம் வேலியை உரசிப் போவார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கும். பிள்ளை இமை அசைக்கமாட்டான். “என் பையனுக்கு நரம்பு இரும்பு” என்று கடைத்தெருவில் எல்லாரிடமும் சொல்கிறார். உன் அண்ணன் வாயைத் திறந்து பெருமையடிப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

குழந்தை நல நிலையத்தில் நர்ஸ் மணியடித்துப் பார்த்தாயிற்று. வலப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் திரும்பினான், இடப்பக்கம் அடித்தால் இடப்பக்கம் திரும்பினான். நீ என்ன, நர்ஸுக்கும் மேலா?

இன்னொன்றும் சொல்கிறேன். அன்று உன் பெண் வீட்டைத் தலைகீழாக்கிக் கத்தியபோது நாங்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டோம். தவழ்ந்து போய் அவள் கழுத்தில் கைவைத்துச் சிரித்து ஆறுதல் சொன்னது யார்? நீ செவிடு என்றாயே, அந்தக் குழந்தைதான்.

நீ வேண்டுமானால் உன் அண்ணனைப் பார்க்க வந்து போ. அந்த அலறல் ராணியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படியேறாதே.

மிர்யா


தாம்பரே,
1979 பிப்ரவரி 17

அன்புள்ள மிர்யா,

கையுறை வந்தது. ஹெய்னி உடனே வாயில் போட்டுக்கொண்டாள். கஞ்சியைத் தவிர எல்லாமே அவள் வாய்க்குள் போகும்.

மூடியை அடித்தது தப்பு. விருந்தாளிகள் முன்னால், உன் பிள்ளையின் பிறந்தநாளில். அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் தகும். சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. முடிந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன், நம்பு.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். பிறந்தநாளுக்கு முந்தைய மதியம் நீ உள்ளே பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாய். நான் வாசலில் இரண்டு தள்ளுவண்டிக்கும் நடுவில் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன் பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். ஹெய்னி தூங்குவதில்லை மிர்யா. நானும் தூங்குவதில்லை. அவள் அப்பாவும் தூங்குவதில்லை; ரெய்யோ அரைத் தூக்கத்தில் பஸ் ஓட்டப் போகிறான், திரும்பி வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இவள் அழ ஆரம்பித்தால் கீழ்வீட்டு அம்மாள் கரண்டியால் வெந்நீர்க் குழாயைத் தட்டுவாள், அந்தச் சத்தத்துக்கு இவள் இன்னும் கத்துவாள். அவள் எடை நர்ஸின் அட்டையில் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. “அம்மா பதட்டப்பட்டா பிள்ளையும் சாப்பிடாதும்மா” என்று நர்ஸ் சொன்னாள். சரி சரியென்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

இந்த நிலையில்தான் அங்கே வந்து உன் பையனைப் பார்க்கிறேன். கன்னமும் தொந்தியுமாகக் கொழுகொழுவென்று தூங்குகிறான். அப்போது அண்ணனின் வண்டி வந்தது. கூரையோரத்தில் தொங்கிய பனிக்கட்டிகள் உடைந்து விழுந்தன. ஹெய்னி துள்ளி எழுந்து அலறினாள், நானே அலறினேன். வெசா நாக்கு நுனியை நீட்டிக்கொண்டு தூங்கினான். ‘கடவுளே, இதை எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா’ என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி, இந்தச் சத்தத்துக்குமா ஒரு குழந்தை எழாது என்று தோன்றியது.

அவன் எழுந்ததும் முதுகுப் பக்கமாக நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பாட்டுப் பாடினேன். நாய் மாதிரி, பூனை மாதிரியெல்லாம் கத்தினேன். ஒன்றுமில்லை. சுற்றி வந்து முன்னால் நின்றதும் முகமெல்லாம் சிரிப்பு. அவன் மதிக்காத பிள்ளை இல்லை மிர்யா. என்னைக் கண்டதும் கையை நீட்டித் தாவினான்.

ஒரே ஒரு கேள்வி. நிலையத்தில் மணியடித்தபோது அவன் யார் மடியில் இருந்தான்?

ஐரா


கோர்பியார்வி,
1979 மார்ச் 11

ஐராவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் பெண்ணின் எடையைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என் கோபம் உன்னோடு, அவளோடு இல்லை.

கரண்டியைத் தூக்கிப் போடு. நீ கரண்டியோடு அவளைத் துரத்துவாய், அவள் வாயை இறுக்கிக்கொள்வாள், அதுதானே நடக்கிறது? உருளைக்கிழங்கை வேகவைத்து, கொஞ்சம் வெண்ணெய் தடவி, துண்டாக அவள் கையிலேயே கொடு. பிசையட்டும், தலையில் தேய்த்துக்கொள்ளட்டும். நீ அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டு உன் சாப்பாட்டைச் சாப்பிடு. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்காதே. யாராவது என் வாயை அப்படிப் பார்த்தால் எனக்கும் தொண்டையில் இறங்காது.

அழுகிற பிள்ளைக்கு நுரையீரல் பலம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கீழ்வீட்டு அம்மாளுக்கு ஒரு ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடு. வாயில் ரொட்டி இருக்கும்போது யாரும் குழாயைத் தட்ட மாட்டார்கள்.

இங்கே வெசா நன்றாக இருக்கிறான். வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து அதைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை ஒட்டவைத்துக்கொள்கிறான். என்னைக்கூட அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. உன் அண்ணன் அதற்கு “சின்னம்மா” என்று பேர் வைத்திருக்கிறார். நேற்று நான் பின்பக்கமாக வந்து தூக்கியபோது தூக்கிவாரிப் போட்டு அழுதான். கூப்பிட்டுக்கொண்டேதான் வந்தேன். விளையாட்டு மும்முரம்.

என் மடியில்தான் இருந்தான். வேறு யார் மடியில் இருப்பான்? இதில் கேட்க என்ன இருக்கிறது? மணியைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதே.

மிர்யா


தாம்பரே,
1979 ஏப்ரல் 8

அன்புள்ள மிர்யா,

சாப்பிட்டாள்! உருளைக்கிழங்கு! முதல் நாள் சுவரில் அப்பினாள். மறுநாள் ரெய்யோவின் சட்டைப் பையில் திணித்தாள், அவன் அதோடு வேலைக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் தரையில் விழுந்து கிடந்ததை, நாங்கள் பார்க்காதபோது, திருட்டுப் பூனை மாதிரி எடுத்துத் தின்றாள். இப்போது மேஜையில் வைத்தால் வேண்டாமாம், தரையில் போட்டால்தான் ராணிக்கு இறங்குகிறது. தரையைத் துடைத்துவிட்டுப் பரிமாறுகிறேன். நர்ஸுக்குத் தெரிந்தால் என்னைத் துடைத்துவிடுவாள்.

ரொட்டியோடு கீழே போனேன். அந்த அம்மாளுக்கு நாலு பிள்ளைகளாம், எல்லாரும் ஸ்வீடனில் வேலை. “நான் திட்டறதுக்குத் தட்டலைம்மா. நானும் முழிச்சிருக்கேன்னு சொல்லத்தான் தட்டினேன்” என்றாள். இத்தனை நாள் அவளை நான் வைத சாபம் எல்லாம் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

மணியைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதவில்லை. நாங்கள் எங்கள் நிலையத்துக்குப் போய் வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஹெய்னி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் எங்களுக்குப் பின்னால் போய் வலப்பக்கம் ஒன்றை ஆட்டினாள். எதை என்று சொல்லமாட்டேன், சொல்லக் கூடாது என்றிருக்கிறாய். நான் என்னையறியாமல் வலப்பக்கம் திரும்பினேன். என் உடம்பு திரும்பியதும் மடியில் இருந்தவளும் திரும்பினாள். “நல்லாக் கேக்குது” என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். எனக்கு உன் நினைப்பு வந்துவிட்டது. “இன்னொரு தடவை ஆட்டுங்க, ஆனா இவளைத் தரையில விட்டுட்டு” என்றேன். என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பாவம், ஆட்டினாள். ஹெய்னி தரையிலிருந்தும் திரும்பினாள்.

இவ்வளவுதான் எங்கள் ஊர்ச் செய்தி.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். வெசாவுக்கு முத்தம்.

ஐரா


கோர்பியார்வி,
1979 மே 13

ஐரா,

இன்று அன்னையர் தினம். வீட்டுக்கு வீடு கொடி ஏற்றியிருக்கிறார்கள். உன் அண்ணன் படுக்கைக்கே காபி கொண்டுவந்து தந்தார். கோப்பையை வைத்துவிட்டு, “அவளுக்கு எழுதிடு” என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எடுத்துப் படித்திருக்கிறார். படித்துவிட்டு என்னிடம் மூச்சு விடவில்லை. அந்த மனிதரை உனக்குத் தெரியாதா?

படித்த சில நாளில், பனிக்காலம் முடிந்து வண்டியைக் கொட்டகையில் விடும் நாள் வந்தது. வெசா வாசலில் மணலில் உட்கார்ந்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தான், முதுகு ரோட்டுப் பக்கம். நான் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் வேலியோரம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. அவன் முதுகையே பார்த்தார். பிறகு ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. கோழிகள் நாலாபக்கமும் சிதறின. ஏரிக்கு அக்கரையில் நாய்கள் குரைத்தன. என் கையிலிருந்த போர்வை சேற்றில் விழுந்தது. வெசா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மறுபடி மணல் அள்ளினான்.

உன் அண்ணன் வந்து படியில் உட்கார்ந்தார். “நான் அவன் பக்கத்துலயேதான் ஓட்டுனேன் மிர்யா. குளிர்காலம் பூரா. ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாத்து, தூங்குறானேன்னு பெருமையாப் போனேன். ஊர் பூராச் சொன்னேனே. ஐயோ, ஊர் பூராச் சொன்னேனே” என்றார். எங்கள் கல்யாண நாளில்கூட அவர் அவ்வளவு பேசவில்லை. அவர் அழுது நான் பார்த்ததும் அன்றுதான்.

அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வண்டி இருக்கையில் உட்காரவைத்து எஞ்சினைப் போட்டார். வெசா இரண்டு உள்ளங்கையையும் முன்பலகையில் பதித்து, கன்னத்தையும் வைத்து, கலகலவென்று சிரித்தான். வாஷிங் மெஷினிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. நாங்கள் சின்னம்மா என்று கேலி செய்தோம். அவன் பாவம், கிடைத்த இடத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மணியடித்தபோது திரும்பியது நான்தான்.

சமர்த்து, சமர்த்து என்றார்களே எல்லாரும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நான் மயங்கிக் கிடந்துவிட்டேன். இனி யாராவது என் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னால் அறைந்துவிடுவேன்.

அடுத்த வாரம் ஊலு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பயமாக இருக்கிறது. நீ சொன்னது சரியாகப் போனதற்கு உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது, அது போக நாளாகும். அதுவரை ஒன்று கேட்கிறேன், பதில் தெரிந்தால் எழுது. தினமும் இவனைத் தூங்கவைக்கத் தாலாட்டுப் பாடினேனே, ஒரு வருஷமாக. யாருக்குப் பாடினேன் ஐரா?

மிர்யா


தாம்பரே,
1979 மே 17

என் மிர்யா,

எப்படிப் பாடினாய்? அறையின் அந்த மூலையில் நின்றா பாடினாய்? நெஞ்சில் சாய்த்துக்கொண்டுதானே? உன் குரலுக்கு நெஞ்சுக்கூடே அதிருமே, தேவாலயத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் பெஞ்சு அதிர்வது எனக்குத் தெரியாதா? அவனுக்குத்தான் பாடினாய். அவன் கேட்டுக்கொண்டேதான் தூங்கினான். பாட்டை நிறுத்திவிடாதே.

கோபத்தை வேண்டிய மட்டும் வைத்துக்கொள். நான் எங்கேயும் போகமாட்டேன். ஊலுவுக்குத் துணை வேண்டுமென்றால் ஒரு வரி போடு, ஹெய்னியை ரெய்யோவிடம் விட்டுவிட்டு வருகிறேன். உன் வீட்டுப் படி ஏறமாட்டாள், பயப்படாதே.

நீ அறைவாய், தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: இவள் சமர்த்தாகிக்கொண்டு வருகிறாள். முந்தாநாள் இரவு முழுக்கத் தூங்கினாள். சந்தோஷப்பட்டேனா? இல்லை. பயந்துபோய்த் தொட்டில் பக்கத்தில் நின்று கை தட்டிப் பார்த்தேன். எழுந்துவிட்டாள். ரெய்யோ இன்னும் என்னோடு பேசவில்லை.

இத்துடன் ஹெய்னியின் போட்டோ வைத்திருக்கிறேன். கையில் இருப்பது உருளைக்கிழங்கு. வாய் ஏன் அப்படித் திறந்திருக்கிறது என்று கேட்காதே, போட்டோக்காரன் அதைப் பிடுங்கப் பார்த்தான்.

ஐரா


கோர்பியார்வி,
1979 ஆகஸ்ட் 19

அன்புள்ள ஐரா,

ஊலுவிலிருந்து நான் போட்ட அட்டை கிடைத்திருக்கும். இரண்டு வரிக்கு மேல் அப்போது எழுத முடியவில்லை. ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை. இன்னொன்றில் ஏதோ கொஞ்சம், இடி மாதிரித் தாழ்ந்த சத்தம் மட்டும். பிறவியிலேயே அப்படியாம். “நீங்க எதுவும் செஞ்சதால இல்லம்மா” என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்படியும் ரயிலில் வரும் வழியெல்லாம் நான் வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோது தின்றது, தூக்கியது, விழுந்தது எல்லாவற்றையும் நினைத்து நினைத்து அழுதேன்.

நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், அதிலிருந்து காதுக்கு வயர் போகிறது. வெசாவுக்கு அது ஆகவே ஆகாது. பிடுங்கி எறிகிறான். போன வாரம் கோழிக்கூண்டில் முட்டையோடு முட்டையாகக் கிடந்தது.

சனிக்கிழமைதோறும் கயானியிலிருந்து எல்வி என்று ஒரு பெண் வருகிறாள். அவளுக்கும் காது கேட்காது. எங்களுக்குக் கைமொழி சொல்லித் தருகிறாள். என் கை மரக்கட்டை, ஒன்றும் வர மாட்டேனென்கிறது. ஒருநாள் ‘பால்’ என்று நினைத்து நான் எதையோ காட்டப்போய் அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். என்ன சொன்னேன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆனால் உன் அண்ணன்! நீ நம்பமாட்டாய். அந்த மனிதருக்குக் கை முளைத்துவிட்டது. எல்வி ஒரு தடவை காட்டினால் போதும், பிடித்துக்கொள்கிறார். காலையில் எழுந்தால் இராத்திரி வரை பேச்சுதான். கோழியைப் பற்றி, மழையைப் பற்றி, லெம்பி அத்தையைப் பற்றி. பிள்ளைக்குப் புரிகிறதோ இல்லையோ, இவர் பேசுகிறார். “கொஞ்சம் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்னவாம்?” என்று நானே அதட்ட வேண்டியிருக்கிறது. வாய்தான் அவருக்கு வசதிப்படவில்லை போலிருக்கிறது, இத்தனை வருஷமாக.

வெசா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். திருப்பி எதுவும் சொல்லவில்லை. அம்மா என்றும் காட்டவில்லை, பால் என்றும் காட்டவில்லை. எனக்குப் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. கைமொழியும் வராமல் போனால் இவன் யாரோடு பேசுவான் என்று.

நேற்று சனிக்கிழமை. எல்வி இருந்தாள். அவளுக்குக் காட்டுவதற்காக நீ அனுப்பிய போட்டோவை எடுத்தேன். வெசா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். ஹெய்னி வாயை ஆவென்று திறந்து கத்துகிறாளே, அதையே உற்றுப் பார்த்தான். பிறகு உள்ளங்கையைத் தன் கழுத்தில் வைத்தான். எடுத்து, போட்டோவில் அவள் கழுத்தில் வைத்தான். மறுபடி தன் கழுத்தில். அப்புறம் வாசல் கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எங்கே என்று கேட்பது மாதிரி.

எல்வி துள்ளி எழுந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் அண்ணன்தான் எனக்குச் சொன்னார். “அது பேராம் மிர்யா. ஹெய்னிக்கு அவனே பேர் வெச்சிருக்கான்.”

என் பிள்ளையின் முதல் வார்த்தை உன் பெண்ணின் பேர். அம்மா இல்லை. எனக்குப் பொறாமை இல்லையென்று சொன்னால் பொய். இருந்துவிட்டுப் போகட்டும், முன்பு நீ பட்டாய், இப்போது என் முறை.

பிறந்தநாளன்று அவன் அவள் கழுத்தில் கைவைத்து ஆறுதல் சொன்னான் என்று உனக்கு எழுதினேன். ஆறுதல் சொல்லவில்லை ஐரா. கேட்டுக்கொண்டிருந்தான். அத்தனை பேர் வந்து கொஞ்சினோம், பாடினோம், கை தட்டினோம். அவனுக்கு எட்டும்படி பேசியவள் அவள் ஒருத்திதான்.

பனி விழுவதற்கு முன்னால் வா. அவளையும் தூக்கிக்கொண்டு வா. வாஷிங் மெஷின் ரிப்பேர், வண்டி கொட்டகையில் கிடக்கிறது, பிள்ளை ஏங்கிப்போயிருக்கிறான். சமர்த்தாகிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்தச் சமர்த்தைத் தாம்பரேயிலேயே விட்டுவிட்டு வா. இங்கே அவளை யாரும் அதட்டமாட்டோம். நன்றாகக் கத்தட்டும்.

மிர்யா